அங்கேதானே சாவார்கள்?

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



நம் மன்ற விழாவில் நடந்த பட்டிமன்றத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பேசியது மறந்திருந்தாலும், பாதியில் மைக் செட் நின்றுபோனதும், எலக்ட்ரிகல் துறை நண்பர்கள் நான்கு பேர் மேடையேறியும் அது சரியாகாததும் கண்டிப்பாக நினைவிருக்கும். தலைப்பு இதுதான்: “நட்பு நாட்டின் மேல் அணுகுண்டு விழுந்தால் வல்லரசு கைகொடுக்குமா? கைகழுவுமா?”

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது ‘கைகொடுக்கும்’ அணி. கையை விரித்துக்கொண்டு வந்து நின்றேன். ஏனென்றால் எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ‘கைகழுவும்’ என்றுதான் சொன்னார்கள். “எவன்டா அடுத்தவனுக்காகத் தன் வீட்டைக் கொளுத்திக்குவான்?” என்றான் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன். அதற்கு மேல் விவாதமே தேவையில்லை என்பது போல அவன் டிராயிங் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

சரி, நம் அணிக்காகவாவது படிப்போம் என்று பத்து நாள் லைப்ரரியில் உட்கார்ந்தேன். கிடைக்காததை மொபைலில் தேடினேன். படிக்கப் படிக்க, நாங்கள் மேடையில் கேட்கப்போகிற கேள்வியே கோணலாக இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மேடையில் அதைச் சொல்லப் போய் எனக்கு மார்க் போனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 1949-இல் அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகள் பத்தும் சேர்ந்து நேட்டோ ஒப்பந்தம் போட்டன. அதில் ஐந்தாவது பிரிவு பெயர் பெற்றது. ஒருவர் மேல் விழுகிற அடி எல்லோர் மேலும் விழுந்த அடி என்று அது சொல்கிறது. என் அணிக்கு இது போதுமே என்று துள்ளினேன். ஆனால் அதே வாக்கியத்தைத் தொடர்ந்து படித்தால், ஒவ்வொரு நாடும் தனக்கு எது அவசியம் என்று தோன்றுகிறதோ அந்த நடவடிக்கையை எடுக்கும் என்று வருகிறது. ‘தனக்குத் தோன்றுகிறதோ’... அந்த ஒரு சொல்லில் எதிரணியே உட்கார்ந்திருந்தது!

இதைப் புரிந்துகொண்டவர் பிரான்ஸ் நாட்டு அதிபர் டி கோல். 1961-இல் பாரிசுக்கு வந்த அமெரிக்க அதிபர் கென்னடியிடம் அவர் நேராகவே கேட்டார், பாரிசுக்காக நியூயார்க்கை இழக்க நீங்கள் தயாரா என்று. கென்னடி உறுதி சொன்னார். டி கோல் அதை நம்பி இருந்துவிடவில்லை. 1960-லேயே சகாராப் பாலைவனத்தில் பிரான்ஸ் தன் சொந்த அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டது, பிறகும் அந்த வேலையை நிறுத்தவில்லை. 1979-இல் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், பதவியை விட்டு வந்த பிறகு, பிரஸ்ஸல்ஸ் நகரில் இன்னும் உடைத்துப் பேசினார். எங்களால் மனதாரக் கொடுக்க முடியாத உறுதிமொழிகளை எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். எட்டு வருஷம் அமெரிக்க அரசின் உச்சியில் இருந்தவர் சொன்னது இது.

பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் சத்தம் போட்டுப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நான்தான் முதன்முதலில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவன். நான் எதைப் படித்தாலும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். தீப்பெட்டிக்கட்டு ஒட்டிக்கொண்டே கேட்பார்கள். அன்றைக்கு எதிரணி எடுத்துப் பேசக்கூடிய ஒரு செய்தியை வாசித்தேன். 2017 ஆகஸ்ட் மாதம், வடகொரியாவின் ஏவுகணைகளைப் பற்றி எல்லோரும் பதறிக்கொண்டிருந்த நேரம். லிண்ட்சே கிரகாம் என்கிற அமெரிக்க செனட்டர் டி.வி. பேட்டியில் சொன்னார்: போர் என்று வந்தால் அது அங்கேதான் நடக்கும், ஆயிரக்கணக்கில் செத்தாலும் அங்கேதான் சாவார்கள், இங்கே சாக மாட்டார்கள், இதை அதிபர் டிரம்ப் என் முகத்துக்கு நேராகவே சொன்னார் என்று.

‘அங்கே’ என்றால் தென்கொரியா. அமெரிக்காவின் நட்பு நாடு. அதன் தலைநகர் சியோல், வடகொரிய எல்லையிலிருந்து நம் பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம்தான்.

அம்மா பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். “அங்க இருக்கவனுக்கு அது ‘இங்க’ தானே ராசா?” என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, “அந்த ஊர்க்காரங்கள யாராச்சும் கேட்டாங்களா?” என்றார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சை மூடி வைத்துவிட்டு, ‘அந்த ஊர்க்காரர்கள்’ என்ன சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன்.

நண்பர்களே, நாம் டெஸ்டிங் லேபில் என்ன செய்கிறோம்? ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை எடுத்து யுனிவர்சல் டெஸ்டிங் மெஷினில் மாட்டி, அது கழுத்துச் சுருங்கி ‘டப்’ என்று உடையும்வரை இழுக்கிறோம். உடைந்ததும் கைதட்டுகிறோம். எத்தனை கிலோ நியூட்டனில் உடைந்தது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறோம். துண்டைக் கேட்டுவிட்டா மாட்டினோம்?

1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. அதற்கடுத்த மாதமே ‘கார்ட் பிளாஞ்ச்’ என்ற பெயரில் நேட்டோ விமானப்படைகள் ஓர் ஒத்திகை நடத்தின. காகிதத்தில்தான், நிஜமாக எதுவும் விழவில்லை. சில நாட்களுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் போட்டதாகக் கணக்கு. பெரும்பகுதி விழுந்தது ஜெர்மன் மண்ணில். போட்டது எதிரி மட்டும் அல்ல, காப்பாற்ற வந்த நண்பர்களும் சேர்த்து! ஒத்திகை முடிந்ததும் கூட்டிப் பார்த்தார்கள். ஜெர்மானியர்களில் 17 லட்சம் பேர் சாவு, 35 லட்சம் பேருக்குக் காயம். கதிர்வீச்சால் பிறகு சாகப்போகிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த எண்கள் பத்திரிகையில் வந்தபோது அந்த நாடு ஆடிப்போனது. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நம்மைக் காப்பாற்றுவது என்றால் இதுதானா என்று கேட்டார்கள். எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி அந்த எண்களைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோனது. புதிதாக ராணுவம் கட்டுவதற்கான சட்டம் அப்போது விவாதத்தில் இருந்தது. பன்னிரண்டு டிவிஷன் ராணுவத்தைக் கட்டி என்ன பிரயோசனம், குண்டு விழுந்தால் மிஞ்சப்போவது யார் என்று கேட்டார்கள். சட்டம் நிறைவேறத்தான் செய்தது. ஆனால் ‘நட்பு’ என்ற சொல்லுக்கு அந்த ஜனங்கள் அன்றைக்குத்தான் அர்த்தம் தேட ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1957 ஏப்ரலில் பிரதமர் அடனாவர், சின்ன ரக அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்த வளர்ச்சிதான் என்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசினார். ஒரே வாரத்தில் பதினெட்டு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள். யார் யார்? அணுவைப் பிளக்க முடியும் என்று 1938-இல் கண்டுபிடித்த ஓட்டோ ஹான், மாக்ஸ் போர்ன், ஹைசன்பர்க்... நம் பிசிக்ஸ் புத்தகத்தில் பெயர் வருகிறவர்கள்! அந்தச் சின்ன ரகக் குண்டு ஒவ்வொன்றும் ஹிரோஷிமா குண்டுக்கு ஈடான அழிவைச் செய்யும், இதைச் செய்வதிலோ சோதிப்பதிலோ பயன்படுத்துவதிலோ நாங்கள் எந்த வகையிலும் பங்கெடுக்க மாட்டோம் என்று சொன்னார்கள். தொழில் தெரிந்தவனே கையை எடுத்துக்கொண்டால் வேலை எப்படி நடக்கும்? டிப்ளமோ படிக்கிற நமக்கு இது உறைக்க வேண்டிய இடம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதே 1957 செப்டம்பர் தேர்தலில் அடனாவர் கட்சிதான் ஜெயித்தது. சும்மா இல்லை, 50.2 சதவீத ஓட்டு. ஜனங்களுக்கு ரஷ்யாவைக் கண்டு பயம், அடனாவர் மேல் நம்பிக்கை. எண்களெல்லாம் பேப்பரில் வந்த பிறகும் அப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள். அது அவர்கள் தீர்ப்பு. நான் குறை சொல்ல வரவில்லை.

எனக்கு உறுத்துவது அடுத்த வருஷம் நடந்தது. 1958-இல் ராணுவத்துக்கு அணு ஆயுதம் தாங்கும் கருவிகளைக் கொடுக்கலாம் என்று பாராளுமன்றம் முடிவு செய்தது. ‘அணுச்சாவுக்கு எதிரான போராட்டம்’ என்று ஓர் இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஹாம்பர்க், பிரேமன் மாநிலங்கள் ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று கருத்து வாக்கெடுப்புக்குச் சட்டம் போட்டன. ஜூலை 30-ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு மத்திய அரசின் விஷயம், மாநிலங்கள் அதில் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்பது தீர்ப்பு. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் அம்மா கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்? கேட்கப் போனார்கள். கேட்கக்கூடாது என்று ஆகிவிட்டது.

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

1962 செப்டம்பரில் நேட்டோ இன்னோர் ஒத்திகை நடத்தியது. பெயர் ஃபாலெக்ஸ் 62. மேற்கு ஜெர்மன் விமானத்தளம் ஒன்றின் மேல் நடுத்தர அணுகுண்டு ஒன்று வெடிப்பதாகத்தான் அதில் மூன்றாம் உலகப்போர் தொடங்குகிறது. நம் பட்டிமன்றத் தலைப்பை அப்படியே நடத்திப் பார்த்திருக்கிறார்கள்! சில நாட்களில் பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் சேர்த்து ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி பேர் வரை சாவார்கள் என்று கணக்கு வந்தது. வைத்திய வசதி போதாது, சாப்பாட்டுக்கு ஏற்பாடு போதாது, ஊரைவிட்டு ஓடுகிற கூட்டத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஜெர்மன் ராணுவத்துக்கு நேட்டோ கொடுத்த மதிப்பெண் ‘ஓரளவே தற்காப்புக்குத் தயார்’. நம் பாஷையில் சொன்னால் அரியர்.

‘டெர் ஷ்பீகல்’ என்ற வாரப் பத்திரிகை அந்த மதிப்பெண்ணையே தலைப்பாக வைத்து இவ்வளவையும் அக்டோபர் மாதம் அச்சடித்துவிட்டது. எழுதியவர் கொன்ராட் ஆலர்ஸ். ராணுவ மந்திரி ஷ்ட்ராவுஸ் சாதாரணப் படையைப் பலப்படுத்தாமல் அணு ஆயுதத்தையே நம்பியிருக்கிறார் என்பது கட்டுரையின் குற்றச்சாட்டு.

அரசாங்கம் என்ன செய்தது? மருந்தும் சாப்பாடும் ஏற்பாடு செய்ததா? அக்டோபர் 26 ராத்திரி ஹாம்பர்கில் பத்திரிகை ஆபீசுக்குள் போலீஸ் நுழைந்தது. கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகளால் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. குண்டு எந்த நிமிஷமும் நிஜமாகவே விழலாம் என்ற நேரத்தில், குண்டைப் பற்றி எழுதியவர்களைப் பிடிக்கப் போலீஸ் போயிருக்கிறது! குற்றம், தேசத்துரோகம். ஆபீசைப் பூட்டி வாரக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் ருடால்ஃப் அவுக்ஸ்டைன் 103 நாள் சிறையில் இருந்தார். ஆலர்ஸ் அப்போது குடும்பத்தோடு ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக அங்கேயே அவரைக் கைது செய்ய வைத்தார்கள். பாராளுமன்றத்தில் பிரதமர் அடனாவர், நாட்டில் துரோகத்தின் பாதாளமே திறந்துகிடக்கிறது என்று முழங்கினார்.

ஆனால் அந்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே அடனாவருக்குப் பாதிக்கு மேல் ஓட்டுப் போட்ட ஜனங்கள்! மற்றப் பத்திரிகைக்காரர்கள் தங்கள் அறைகளையே ஷ்பீகலுக்கு விட்டுக்கொடுத்தார்கள், இதழ் நிற்காமல் வந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் வயசுப் பிள்ளைகள். ஹிட்லர் காலத்தில் அப்பாமார்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்ற குறை அவர்கள் மனசில் இருந்திருக்கும். ஆலர்ஸ் கைதில் எனக்குச் சம்பந்தமில்லை என்று சாதித்த ஷ்ட்ராவுஸ், ஸ்பெயினுக்குப் போன் போட்டதே அவர்தான் என்று வெளியாகி மாட்டிக்கொண்டார். உள்துறை மந்திரி வேறு, ‘கொஞ்சம் சட்டத்துக்கு வெளியேதான்’ என்கிற மாதிரி உளறிவைத்தார். கூட்டணிக் கட்சி மந்திரிகள் ஐந்து பேர் ராஜினாமா. டிசம்பரில் ஷ்ட்ராவுஸ் இல்லாத மந்திரிசபை. அடுத்த வருஷம் அடனாவரும் பதவியை விட்டு இறங்கினார். 1965-இல், அவுக்ஸ்டைன், ஆலர்ஸ் மேல் வழக்கு நடத்தவே ஆதாரம் போதாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

வேடிக்கையைக் கேளுங்கள். 1966-இல் வந்த கூட்டணி அரசில் ஷ்ட்ராவுஸ் நிதி மந்திரி, ஆலர்ஸ் அதே அரசின் துணைச் செய்தித் தொடர்பாளர்! அரசியல் எல்லா ஊரிலும் அரசியல்தான் போலிருக்கிறது.

இவ்வளவு தூரத்துக் கதை எனக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தேன். காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பா வெடி ஆபீசில் வேலை பார்க்கிறார். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தபோது ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் வேலை செய்கிற ரூம் சுவரில் இங்கிலீஷில் ஏதோ பெயிண்டில் எழுதியிருந்தது, பாதி அழிந்து. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘மேன் லிமிட் 4’. “அப்பா, இந்த ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு போட்ருக்கு” என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். உள்ளே ஏழு பேர் உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருஷமாக அந்தச் சுவரில் சாய்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. போர்மேனிடம் கேட்டேன். “படிக்கிற பையன்னா படிப்போட நில்லு தம்பி. சீசன் நேரத்துல வந்து ஆளுகளப் பயமுறுத்தாத” என்றார்.

பயமுறுத்தியது நானா, அந்த நாலா?

ராத்திரி அப்பாவிடம், “இனிமே அங்க போகாதீங்க” என்று அழுதேன். “போகாம? ஒன் பீஸ யாரு கட்றது?” என்று சிரித்தார். அப்பா இன்றைக்கும் அங்கேதான் போகிறார். ஆனால் ஒன்று சொன்னார்: “அன்னையிலேர்ந்து வாசல் பக்கமாத்தான் உக்கார்றேன். மத்தவங்களும் மாத்தி மாத்தி உக்கார்றோம்.”

ஷ்பீகல் கட்டுரையைப் பற்றிப் படித்தபோது அந்த ‘4’ தான் என் கண்முன் வந்தது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ராணுவம் என்றால் ரகசியம் வேண்டாமா, எல்லாவற்றையும் கடைத்தெருவில் கொட்ட முடியுமா என்று. எங்கள் துறை சீனியர் அண்ணன் ஒருவர் ராணுவத்தில் சேரப்போகிறவர், அவர் என்னிடம் இதைக் காரசாரமாகவே கேட்டார். நியாயம்தான். எந்தத் தளத்தில் என்ன ஆயுதம், எத்தனை மணிக்கு விமானம் கிளம்பும், சங்கேத வார்த்தை என்ன, இதெல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் குண்டு விழுந்தால் என் ஊரில் எத்தனை பேர் சாவோம் என்பது யாரிடமிருந்து மறைக்கிற ரகசியம்? எதிரிக்கு அது தெரியும், குண்டு வைத்திருப்பவனே அவன்தானே! கூட்டாளிக்கும் தெரியும், ஒத்திகை நடத்தியவன் அவன். தெரியாமல் இருப்பது சாகப்போகிறவனுக்கு மட்டும்தான். “அப்பன்னா ஜனங்க பயந்து எதிரிகிட்ட சரணடைஞ்சிட மாட்டாங்களா?” என்றார் அண்ணன். 1957 தேர்தல் முடிவைச் சொன்னேன். எண்கள் தெரிந்தும் அந்த ஜனங்கள் சரணடையவில்லையே. அண்ணன் டீயைக் குடித்துவிட்டு, “யோசிக்கிறேன்டா” என்றார்.

இதெல்லாம் ஒரு பக்கத்துக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். மறுபக்கம் இன்னும் மோசம். 2005-இல் போலந்து ராணுவ மந்திரி சிகோர்ஸ்கி பழைய வார்சா ஒப்பந்தக் கோப்புகளைத் திறந்து, பத்திரிகையாளர்களுக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினார். 1979-இல் நடந்த ஒத்திகை. ஏழு நாளில் ரைன் நதிவரை போய்ச் சேருவது திட்டம். அந்தப் படத்தில் போலந்தின் விஸ்டுலா நதி நெடுக நேட்டோவின் குண்டுகள் விழும் என்று குறித்திருந்தது. இருபது லட்சம் போலந்துக்காரர்கள் சாவார்கள் என்று கணக்கு. நதியோரம் குடியிருந்தவர்களுக்கு இது தெரியவந்தது இருபத்தாறு வருஷம் கழித்து! அங்கே ஷ்பீகலும் இல்லை, தெருவுக்கு வர வழியும் இல்லை.

மேற்கே அதே 1979-இல் நேட்டோ புது ஏவுகணைகளை ஐரோப்பாவில் வைப்பது என்று முடிவெடுத்தது. இந்தத் தடவை ஜெர்மன் ஜனங்கள் யாரும் அச்சடித்துச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. 1981 அக்டோபரில் பான் நகரில் சுமார் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். ஏவுகணைக்கு ஒப்புக்கொண்ட பிரதமர் ஷ்மிட்டுக்கு அவர் கட்சியிலேயே ஆதரவு கரைந்தது. 1983-இல் பசுமைக் கட்சி முதன்முதலாகப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. ஆனாலும் அந்த வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி பாராளுமன்றம் 286-க்கு 226 என்று ஓட்டுப் போட்டு ஏவுகணைகளை ஏற்றுக்கொண்டது. போராடியவர்கள் தோற்றார்கள். பிறகு 1987-இல் ரீகனும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் அவை எடுக்கப்பட்டன. அந்த ஒப்பந்தமும் 2019-இல் முடிந்துவிட்டது.

அந்த ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் அமெரிக்காவில் ‘தி டே ஆஃப்டர்’ என்று ஒரு டி.வி. படம் காட்டினார்கள். சண்டை ஜெர்மனியில் தொடங்கி, குண்டுகள் அமெரிக்காவின் கான்சாஸ் வயல்களில் வந்து விழுகிற கதை. சுமார் பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். அதிபர் ரீகன் முன்னாடியே தனியாகப் போட்டுப் பார்த்து, மனசு மிகவும் சோர்ந்துபோனதாக டைரியில் எழுதினார். படம் முடிந்த உடனே வெளியுறவு மந்திரி ஷுல்ட்ஸ் டி.வி.யில் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெர்மனிக்காரன் 1955-இல் பார்த்த எண்ணை அமெரிக்கக்காரன் 1983-இல் படமாகப் பார்த்தான். ‘அங்கே’ என்பது ‘இங்கே’ ஆக இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இன்றைக்கு அந்த இடத்தில் தென்கொரியா இருக்கிறது. நமக்கே சொந்தமாகக் குண்டு வேண்டும் என்று 2022-இல் சிகாகோ கவுன்சில் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் சொன்னார்கள். கிரகாம் சொன்ன மாதிரிப் பேச்சுகளைக் கேட்ட ஜனங்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? 2023 ஜனவரியில் அப்போதைய அதிபர் யூன் சுக் இயோலே அப்படி ஒரு வழி உண்டு என்று பேசினார். ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பிரகடனம் வந்தது. அணு ஆயுத விஷயத்தில் இரண்டு நாடும் கலந்து பேச ஒரு குழு, பதிலுக்குத் தென்கொரியா சொந்தக் குண்டு செய்வதில்லை என்ற பழைய வாக்கைக் காப்பாற்றும். கலந்து பேசலாம், ஆனால் பொத்தான் அமெரிக்க அதிபர் ஒருவர் கையில்தான். அமெரிக்கப் பாராளுமன்றத்தைக்கூட அவர் கேட்க வேண்டியதில்லை. இதைப் பற்றி 2017 நவம்பரில் செனட்டின் வெளியுறவுக் குழு ஒரு விசாரணை நடத்தியது. நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் அதைத் தொட்டதே இல்லையாம்.

நான் கொரியாவுக்குக் குண்டு வேண்டும் என்று சொல்லவில்லை. குண்டு செய்தாலும் கணக்கில் செத்துப்போகிறவர்கள் அதே சியோல்காரர்கள்தான். என் சந்தேகமெல்லாம் நம் தலைப்பின் மேல். ‘கைகொடுக்குமா கைகழுவுமா’ என்று கேட்கிறபோது நாம் எல்லோரும் வாஷிங்டனில் போய் நின்றுகொள்கிறோம். குண்டு விழுகிற ஊரில் ஒருத்தரும் நிற்பதில்லை. 1955-இல் ஜெர்மனிக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கை கொடுத்ததில்தான் 17 லட்சம் பேர் காகிதத்தில் செத்தார்கள். அப்புறம் அந்த ஊர்க்காரனுக்கு நம் இரண்டு அணியில் எந்த அணி ஜெயித்தால் என்ன?

மேடையில் இதைத்தான் சொன்னேன். மைக் சரியாகி வந்த நேரம். ‘கைகொடுக்கும்’ அணியில் நின்றுகொண்டு, என் அணிக்கே இப்படி வேட்டு வைத்ததில் அணித்தலைவர் முறைத்தார். நடுவராக வந்திருந்த சார் பேப்பரில் எழுதியதை நான் பிறகு பார்த்தேன்: ‘கருத்து நன்று. தலைப்பை விட்டு விலகல். பத்துக்கு நான்கு.’

அந்த நாலு எனக்குப் பழக்கமானதுதான்.

அடுத்த வருஷப் பட்டிமன்றத்துக்கு ஒரு தலைப்பு எழுதி மன்றச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்: “காப்பாற்றும் திட்டத்தில் சாகிறவர்களின் எண்ணிக்கையை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?” ரொம்ப நீளமாக இருக்கிறது, நோட்டீஸில் ஒரு வரியில் அடங்காது என்கிறார். சுருக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், சாயங்காலம் லைப்ரரிப் பக்கம் வாருங்கள்.